முற்றம் வைத்த பழைய வீட்டைப் பெரிதாக்குவது: சுற்றிக் கட்டுவதா, மேலே எழுப்புவதா, முற்றத்தை மூடுவதா?

நிலைப்படி

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் இருப்பது பழைய ஓட்டு வீடு. 40 அடிக்கு 40 அடி. நடுவில் 14 அடிக்கு 14 அடி முற்றம், அதைச் சுற்றி மரத்தூண் வைத்த தாழ்வாரம், தாழ்வாரத்துக்குப் பின்னால் நான்கு பக்கமும் அறைகள். சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். எல்லா அறைகளுக்கும் வெளிச்சுவரில் சன்னல் இருக்கிறது.

அப்பாவும் அம்மாவும் எங்களோடு வந்து இருக்கப் போகிறார்கள். இன்னும் இரண்டு படுக்கையறை, ஒரு குளியலறை வேண்டும். பின்பக்கம் 30 அடி காலி இடம் உண்டு. பக்கவாட்டில் 8 அடிதான்.

கேட்ட மூன்று பேரும் மூன்று யோசனை சொல்கிறார்கள். ஒருவர் பின்சுவரையும் பக்கச்சுவர்களையும் ஒட்டிச் சுற்றிலும் புது அறைகள் போடலாம் என்கிறார். இன்னொருவர் மேலே ஒரு தளம் எழுப்பச் சொல்கிறார். மூன்றாமவர் முற்றத்தைக் கண்ணாடியால் மூடி நடுக்கூடமாக்கிவிட்டு, இப்போதுள்ள கூடத்தை இரண்டு அறையாகத் தடுக்கச் சொல்கிறார். முற்றத்தை இழக்க எனக்கு மனமில்லை. ஆனால் பிடிவாதத்துக்காக வயதானவர்களைச் சிரமப்படுத்தவும் கூடாது. செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

புதுமனை

மூன்றாவது யோசனைதான் சரி என்பேன். 196 சதுர அடி உங்கள் வீட்டுக்குள்ளேயே கிடக்கிறது. அஸ்திவாரம் தோண்ட வேண்டாம், சுவரை இடிக்க வேண்டாம். மழை நாளில் அறைக்கு அறை போக நனைய வேண்டாம், ஈரத்தரையில் பெரியவர்கள் வழுக்கி விழும் பயமும் இல்லை. திறந்த முற்றம் வழியாக ஆள் இறங்கலாம் என்பதையும் யோசியுங்கள். வெளிச்சம் வேண்டுமென்றால் கண்ணாடியோ, பாலிகார்பனேட் என்ற ஒளி புகும் பிளாஸ்டிக் தகடோ போட்டால் முடிந்தது.

தாழ்வாரத்தாள்

நண்பர் புதுமனை சொல்லும் காரணங்கள் உண்மையானவை. ஆனால் மூடிய முற்றத்தில் நான் குடியிருந்திருக்கிறேன், அதனால் மறுபக்கத்தையும் சொல்கிறேன்.

நாங்கள் வாங்கும்போதே எங்கள் வீட்டு முற்றத்தை முந்தைய உரிமையாளர்கள் பாலிகார்பனேட் தகடால் மூடியிருந்தார்கள். காலையில் அழகாகத்தான் இருக்கும். மதியம் இரண்டு மணிக்குத் தாழ்வாரத்தில் உட்கார முடியாது. வெயில் தகட்டைத் தாண்டி உள்ளே வந்து தரையைச் சுடவைக்கிறது. சூடான காற்று மேலே ஏறித் தகட்டுக்கு அடியிலேயே தேங்கி நிற்கிறது. திறந்த முற்றமாக இருந்தால் அந்தச் சூடு மேலே போய்விடும், அதன் இடத்துக்கு அறைச் சன்னல்கள் வழியாக வெளிக்காற்று உள்ளே வரும். ராத்திரியில் தரையும் கூரை ஓடுகளும் வானத்தைப் பார்த்து ஆறும், குளிர்ந்த காற்று முற்றத்துக்குள் இறங்கும். மூடிவிட்டால் இந்த இரண்டுமே நின்றுவிடுகின்றன.

அதைவிட மோசம் தண்ணீர். முன்பு நான்கு சரிவிலிருந்தும் மழை நேராக முற்றத்தில் விழும். மூடிய பிறகு அத்தனையும் தகட்டின் ஓரத்தில் வைத்த நான்கு தகர வாரிகளில் வந்து விழுந்தது. வாரி இருப்பதோ வீட்டுக்கு நடுவில். இரண்டு கை சருகு அடைத்துக்கொண்டால் போதும், தண்ணீர் தாழ்வாரத்துத் தூண் மேல் வழிந்து கூடத்துக்கு வந்துவிடும். திறந்த முற்றத்தில் வழிந்தால் முற்றத்தில்தான் வழியும்.

தகட்டைக் கழற்றிவிட்டோம். பாதுகாப்புக்கு ஓட்டு விளிம்பு மட்டத்தில் இரும்புக் கம்பிச் சட்டம், அதன் மேல் கொசுவலை. காற்றும் மழையும் வழக்கம்போல வருகின்றன, வேறெதுவும் வருவதில்லை. நனையாமல் நடப்பதற்குத் தாழ்வாரத்துக் கூரையின் விளிம்பை ஒரு முழம் வெளியே நீட்டினோம், அவ்வளவுதான்.

மூடியே ஆக வேண்டிய நிலை வந்தால், கூரையை ஓட்டுக்கு மேலே இரண்டு அடியாவது உயர்த்தி நான்கு பக்கமும் சாய்தகடு வைத்துக் காற்றோட விடுங்கள். ஒட்டி மூடுவது மட்டும் வேண்டவே வேண்டாம்.

வரைபலகை

கட்டட வரைவு என் தொழில். மூன்று யோசனைகளில் எனக்கு மிகவும் கவலை தருவது முதலாவது. கேட்க எளிதாக இருப்பதால் பலரும் அதையே செய்கிறார்கள்.

உங்கள் வரைபடத்தை எடுத்து, பழைய வெளிச்சுவரை ஒட்டி ஒரு வரிசை அறை வரைந்து பாருங்கள். புது அறைக்கு வெளியே பார்த்த சன்னல் இருக்கும். பழைய அறையின் சன்னல் எங்கே பார்க்கும்? புது அறைக்குள். மிச்சமிருப்பது தாழ்வாரத்தைப் பார்த்த கதவும் சன்னலும்தான். பகல் வெளிச்சம் அறைக்குள் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நாங்கள் வைத்திருக்கும் தோராயக் கணக்கு, சன்னலின் மேல்விளிம்பு உயரத்தைப்போல் இரண்டு, இரண்டரை மடங்கு. 7 அடி உயரச் சன்னல் என்றால் 14 முதல் 17 அடி. தாழ்வாரம் அதில் முதல் சில அடிகளைத் தின்றுவிடும், தாழ்ந்த ஓட்டு விளிம்பு இன்னும் கொஞ்சம். பழைய அறைகள் பகலிலும் விளக்கு எரியும் அறைகளாகிவிடும், அப்புறம் சாமான் போடும் அறைகளாகிவிடும். புது அறைக்குப் போக அவற்றைத்தான் கடக்க வேண்டும் என்பதால் பாதி நடைபாதையாகவும் மாறும். இரண்டு அறை கூட்ட நினைத்து இரண்டு அறையைத் தொலைப்பதுதான் நடக்கும். காற்றும் அப்படியே. வெளிச்சன்னலில் நுழைந்து முற்றம் வழியாக மேலே போகும் ஓட்டம் அறுந்துவிடுகிறது.

முற்றம் வைத்துக் கட்டிய ஊர்களில் எல்லாம் வீட்டைப் பெரிதாக்கும் முறை ஒன்றுபோல இருக்கிறது. சுற்றி ஒரு அடுக்கு சேர்க்கவில்லை. இன்னொரு முற்றத்தைச் சேர்த்தார்கள். கேரளத்தில் ஒரு முற்றம் வைத்தது நாலுகெட்டு, இரண்டு முற்றம் வைத்தால் எட்டுகெட்டு, நான்கு என்றால் பதினாறுகெட்டு. வசதி பெருகப் பெருக முற்றங்கள்தான் பெருகின. சீனாவின் சிஹேயுவான் வீடுகள் ஒரே நேர்கோட்டில் முற்றத்துக்குப் பின் முற்றமாக நீளும். செட்டிநாட்டு வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி முற்றம் முற்றமாகப் போய் அடுத்த தெருவில் முடியும். ரோமானியர்களிடமும் இதுதான். மழைநீர் விழும் தொட்டி வைத்த முன்முற்றம் முதலில் இருந்தது. கிமு 2ஆம் நூற்றாண்டு வாக்கில் அதற்குப் பின்னால் தூண் வரிசை சூழ்ந்த தோட்ட முற்றம் சேர்ந்தது. கிபி 79இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பெயி என்ற ரோமானிய நகரில் ஃபான் இல்லம் என்று ஒரு பெரிய வீடு உண்டு. அதில் இரண்டு முன்முற்றம், இரண்டு தூண் முற்றம்.

நம் காலத்தில், நெருக்கடியான இடத்தில் செய்தவர் இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா. கொழும்பில் ஒரு சந்தில் வரிசையாக இருந்த நான்கு சிறு வீடுகளை 1950களின் இறுதியிலிருந்து ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்துத் தன் வீடாக்கிக்கொண்டார். இணைத்த இடங்களில் எல்லாம் வானம் தெரியும் சிறு சிறு திறப்புகளை விட்டார். சில திறப்புகளில் ஒரு செடியும் ஒரு தண்ணீர்த் தொட்டியும் வைத்தால் இடம் நிறைந்துவிடும். அவைதான் அந்த நீளமான வீட்டை வெளிச்சமாக வைத்திருக்கின்றன.

உங்களுக்குப் பின்னால் 30 அடி இருக்கிறது. பழைய பின்சுவரிலிருந்து 7, 8 அடி விட்டுவிட்டு, அதற்கு அப்பால் புது அறைகளைக் கட்டுங்கள். நடுவில் 6 அடி அகலத்தில் கூரை போட்ட ஒரு நடை இரண்டையும் இணைக்கட்டும். அந்த இடைவெளி இரண்டாவது முற்றம். பழைய பின்னறைகளின் சன்னல்கள் இப்போது போலவே திறந்த இடத்தைப் பார்க்கும், புது அறைகளுக்கும் இரண்டு பக்கச் சன்னல் கிடைக்கும். இடைவெளியின் அகலம், அதைச் சூழ்ந்த சுவரின் உயரத்தில் பாதிக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நிலைப்படி

வரைபலகை ஐயா, மிக்க நன்றி. நீங்கள் சொன்ன மாதிரி காகிதத்தில் வரைந்து பார்த்தேன். பின்னறைகள் இரண்டும் சுற்றிக் கட்டினால் நிஜமாகவே அடைபட்டுப் போகின்றன. இதுவரை யாரும் அதைக் காட்டவில்லை.

மேலே எழுப்புவது பற்றியும் சொல்லுங்கள். மாமா அதைத்தான் வற்புறுத்துகிறார்.

கடைக்கால்

இதற்கு நான் பதில் சொல்கிறேன், கட்டமைப்புக் கணக்கு பார்ப்பவன் நான்.

ஓட்டுக் கூரை கைமரத்தோடு சேர்த்துச் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 60 முதல் 100 கிலோ இருக்கும். கான்கிரீட் கன மீட்டருக்கு 2,500 கிலோ. 12.5 செமீ தளம் போட்டால் சதுர மீட்டருக்கு 310 கிலோவுக்கு மேல், வெறும் தளம் மட்டும். அதன் மேல் தரை, சுவர், ஆட்கள், இன்னொரு கூரை. உங்கள் சுவர் இத்தனை காலம் ஓட்டை மட்டுமே சுமந்து வந்தது. சுண்ணாம்புச் சாந்து சுவர் பலமில்லாதது என்று சொல்லவில்லை, அதன் அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் நான்கு மடங்கு பாரத்தை ஏற்ற யாரும் சம்மதிக்கக் கூடாது. மாமாவிடம் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

முற்றத்துக்கும் அது நல்லதில்லை. வெயில் எவ்வளவு உள்ளே வரும் என்பது உங்கள் ஊர் எந்த அட்சரேகையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 10 பாகையில் டிசம்பர் கடைசியில் நண்பகல் சூரியன் ஏறத்தாழ 56.5 பாகை உயரத்தில் நிற்கும். முற்றத்தின் தெற்கு விளிம்பில் 9 அடி உயர ஓட்டு விளிம்பு இருந்தால் நிழல் 6 அடி, முற்றத்தில் பாதிக்கு மேல் வெயில். அதே இடத்தில் 20 அடிச் சுவர் எழும்பினால் நிழல் 13 அடி, முற்றம் ஏறக்குறைய முழுக்க நிழல். 30 பாகை அட்சரேகையில் 20 அடிச் சுவரின் நிழல் 27 அடிக்குப் போய்விடும். எழுப்பியே ஆக வேண்டுமென்றால் நான்கு பக்கமும் எழுப்பாதீர்கள், ஒரு பக்கம் மட்டும். குளிர் நாட்டில் வெயிலை மறைக்காத பக்கம், வெயில் நாட்டில் மேற்கு.

இடைவெளி விட்டுக் கட்டும் யோசனையை நான் வேறு காரணத்துக்காக ஆதரிக்கிறேன். பழைய அஸ்திவாரம் பல பத்தாண்டுகளாக அமுங்கி நிலைகொண்டுவிட்டது. புதியது முதல் சில ஆண்டுகள் அமுங்கத்தான் செய்யும். இரண்டையும் பல் வைத்துக் கோத்துக் கட்டினால் கோத்த இடத்தில்தான் விரிசல் விடும், அதுவும் மேலே அகலமாக, கீழே மெல்லியதாக. போதாததற்குப் பழைய சுவரை ஒட்டி அதன் அஸ்திவாரத்தைவிட ஆழமாகத் தோண்டும்போது அடியிலுள்ள மண் பக்கவாட்டில் நழுவலாம். பழைய அடித்தளத்தின் கீழ்விளிம்பிலிருந்து 45 பாகையில் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். புதுப் பள்ளம் அந்தக் கோட்டுக்குக் கீழே போகக் கூடாது. 8 அடி தள்ளிக் கட்டினால் இந்தக் கவலையே பெரும்பாலும் எழாது. தொடும் இடம் நடையின் கூரை மட்டும்தான். அங்கே பழைய சுவரில் பாரம் ஏற்றாமல், நடைக்குத் தனித் தூண் கொடுத்து, சுவருக்கும் அதற்கும் நடுவே 20, 25 மிமீ இணைப்பு இடைவெளி விடுங்கள். மேலே தகடு மடித்து மூடினால் மழை இறங்காது.

நடைக்கு வாசல் வேண்டும் இல்லையா? புதிதாகச் சுவரை உடைக்காதீர்கள். பின்சுவரில் இருக்கும் ஒரு சன்னலைத் தேர்ந்து அதன் கீழ்ச்சுவரை மட்டும் வெட்டி எடுங்கள். சன்னல் மேல் இருக்கும் உத்தரமோ வளைவோ அப்படியே நிற்கும். அகலத்தைக் கூட்டினால்தான் ஜாக்கி வைத்துத் தாங்குவது, மேலே பாரம் தாங்கப் புது லிண்டல் (குறுக்கு உத்தரம்) என்று வேலை பெருகும்.

புதுமனை

கணக்குகளை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 30 அடியில் 8 அடியை வெறும் வெளியாக விடுவது எல்லோராலும் முடிகிற காரியமா? இரண்டு அறை, குளியலறை எல்லாம் மீதி 22 அடிக்குள் வர வேண்டும். எல்லைச் சுவருக்கும் கொஞ்சம் விட வேண்டும். அதோடு இப்போது ஒன்றுக்கு இரண்டு முற்றம் பெருக்கித் துடைக்க வேண்டும், இரண்டு இடத்தில் வடிகால் பார்க்க வேண்டும். வேலைக்குப் போகிற வீட்டில் இது சின்ன விஷயமில்லை.

வரைபலகை

நியாயமான கேள்வி. இடைவெளி பின்சுவர் நீளம் முழுக்க 40 அடிக்கும் ஓட வேண்டும் என்பதில்லை. சன்னல் இருக்கும் இடங்களுக்கு எதிரே மட்டும் விட்டு, நடுவில் குளியலறையை நடையோடு சேர்த்து வைக்கலாம். அப்போது இரண்டு சிறு முற்றங்கள், நடுவில் ஈர வேலைகள். அறைகள் 12 அடி ஆழம் போதும். வேலை கூடும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் இருட்டறையோடு வாழ்வதும் தினசரி வேலைதான், அது யார் கணக்கிலும் வருவதில்லை.

உளிச்சத்தம்

மர வேலைக்காரன் நான். எல்லோரும் சுவரைப் பற்றியே பேசுகிறீர்கள், கூரையையும் தூணையும் கொஞ்சம் பாருங்கள்.

உள்நோக்கிச் சரியும் நான்கு கூரைகள் சந்திக்கும் இடத்தில் முற்றத்து மூலை ஒவ்வொன்றுக்கும் ஒரு மூலை வாரி ஓடும். இரண்டு சரிவின் தண்ணீரும் அதில்தான் சேரும். பழைய வீட்டில் மரம் முதலில் கெடுவது அங்கேதான். ஓட்டைப் பிரித்து வாரியின் அடியில் இருக்கும் மூலைக் கைமரத்தை ஒரு திருப்புளியால் குத்திப் பாருங்கள். நல்ல மரம் ‘டக்’ என்று எதிர்க்கும். கெட்ட மரத்தில் முனை அரை அங்குலம் சத்தமே இல்லாமல் இறங்கும். பிறகு தூணின் அடிப்பாகம். கல்லின் மேல் தூண் உட்காரும் இடத்தில் பூச்சோ சிமென்ட் கரையோ கட்டியிருந்தால் உடைத்து எடுத்துவிடுங்கள், அது தண்ணீரைத் தேக்கி மரத்தின் அடியை ஊற வைக்கும். அடி மட்டும் கெட்டிருந்தால் முழுத் தூணை மாற்ற வேண்டாம். உத்தரத்தை முட்டுக் கொடுத்துத் தாங்கிவிட்டு, கெட்ட பகுதியை அறுத்து அதே வகை மரத்தில் ஏற்று இணைப்பு போடலாம், அதாவது இரண்டு துண்டையும் ஒன்றன் மேல் ஒன்று ஏறும்படி வெட்டிப் பொருத்துவது.

இடத்தை அகலமாக்க ஒரு தூணை மட்டும் எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உத்தரத்தின் இரண்டு துண்டும் அந்தத் தூணின் தலையில்தான் சேர்ந்திருக்கும். தூணை எடுத்தால் இணைப்பு அந்தரத்தில் தொங்கும்.

நடையின் கூரையைப் பழைய கூரையோடு ஒரே சரிவாக இழுக்காதீர்கள். பழைய ஓட்டு விளிம்புக்குக் கீழே தாழ்ந்து தனியாக இருக்கட்டும். பழைய கூரை தன் தண்ணீரைத் தானே கொட்டிக்கொள்ளும்.

கடைக்கால்

உளிச்சத்தம் அண்ணா சொன்ன கடைசி விஷயத்துக்கு ஒரு கணக்கு சேர்க்கிறேன். ஒரு சதுர மீட்டரில் 1 மிமீ மழை பெய்தால் 1 லிட்டர். உங்கள் கூரையின் முகடு அறைவரிசையின் நடுவில் இருந்தால் முற்றத்துக்குள் வரும் பரப்பு 27 அடிக்கு 27 அடி, சுமார் 68 சதுர மீட்டர். மணிக்கு 100 மிமீ வேகத்தில் அடிக்கும் மழையில் நொடிக்கு 1.9 லிட்டர். முகட்டை வெளிச்சுவர் வரை தள்ளி முழுக் கூரையையும் உள்ளே சரித்துவிட்டால், சில பேர் அறையை உயர்த்த இப்படிச் செய்கிறார்கள், 149 சதுர மீட்டர், நொடிக்கு 4 லிட்டருக்கு மேல். 100க்கு 1 சரிவில் போட்ட 100 மிமீ குழாய் முழுதாக ஓடினால் சுமார் 6 லிட்டர் கொண்டுபோகும். பார்க்கப் போதும்போலத் தெரியும், ஆனால் பாதி மண் அடைத்தால் போதாது. அதனால் எப்போதும் இரண்டு குழாய், வேறு வேறு மூலையில்.

முற்றம் தாழ்வாரத்தைவிட அரை அடி தாழ்ந்திருந்தால் அதில் சுமார் 2,800 லிட்டர் நிற்கும். முதல் கணக்குப்படி குழாய் முழுவதும் அடைத்தாலும் உங்களுக்கு 20 நிமிடத்துக்கு மேல் அவகாசம், இரண்டாவதில் 11 நிமிடம். தரையை மட்டமாக உயர்த்தி ஓடு பதிக்கச் சொல்வார்கள், சம்மதிக்காதீர்கள்.

நிலைப்படி

குடும்பத்தோடு உட்கார்ந்து பேசினோம். இடைவெளி விட்டுப் பின்னால் கட்டுவது என்று முடிவு. நடுவில் நடையும் குளியலறையும், இரண்டு பக்கமும் சிறு முற்றம். மாமாவுக்குப் பாரக் கணக்கைக் காட்டியதும் மாடிப் பேச்சை விட்டுவிட்டார்.

இரண்டு சந்தேகம். பெற்றோருக்குப் புது அறை கொடுப்பதா, பழைய அறையா? பழைய பின்சுவரின் அடியில் பூச்சு பொரிந்து உதிர்கிறது, வேலையோடு வேலையாகச் சிமென்ட் பூசிவிடலாமா?

தாழ்வாரத்தாள்

பெற்றோருக்குப் பழைய பின்னறையைக் கொடுங்கள். நடை வழியாக இரண்டு எட்டில் குளியலறை, கூரைக்கு அடியிலேயே. தாழ்வாரத்துக்கு வந்தால் வீட்டின் பேச்சுச் சத்தம் கேட்கும், எல்லோரையும் பார்க்கலாம். என் மாமியாருக்குப் பின்னால் அமைதியான அறை கொடுத்தோம், அவர் நாள் முழுக்க முற்றத்து ஓரத்தில்தான் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். முற்றத்தில் இறங்க ஒரு சாய்வுப் பாதை வையுங்கள்; அரை அடி இறக்கத்துக்கு 6 அடி நீளம் வேண்டும், 12க்கு 1. தரைக்கு மழமழப்பான ஓடு வேண்டாம், சொரசொரப்பான கல்.

சிமென்ட் பூசவே கூடாது. சுண்ணாம்புச் சுவர் தரையிலிருந்து ஏறும் ஈரத்தைத் தன் முகத்தின் வழியே ஆவியாக விடும். சிமென்ட் அதை அடைத்தால் ஈரம் இன்னும் மேலே ஏறி, சிமென்ட் முடியும் இடத்தில் உப்புப் பூத்து அங்கே உதிரும். உதிர்ந்த பூச்சைச் சுரண்டி எடுத்து, சுவரைக் காயவிட்டு, சுண்ணாம்புப் பூச்சே போடுங்கள். சுவரை ஒட்டி வெளிமண் உயர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள், பெரும்பாலும் காரணம் அதுதான். புதுச் சிறு முற்றங்களின் தரை, வீட்டுத் தரையைவிடக் கட்டாயம் தாழ்ந்திருக்க வேண்டும்.

கடைக்கால்

ஆரம்பிக்கும் முன் ஒரு வேலை பாக்கி. பின்சுவரின் நடுப்பகுதியில், மூலையை விட்டுத் தள்ளி, வெளிப்பக்கமாக ஒரு சோதனைக் குழி எடுங்கள். பழைய அஸ்திவாரம் எவ்வளவு ஆழம், கல்லா செங்கல்லா, அடியில் என்ன மண் என்று பார்த்து, அளவுகோல் வைத்துப் படம் எடுத்துவிட்டு அன்றே மூடி இறுக்கிவிடுங்கள். மழை வரும் நாளில் தோண்ட வேண்டாம். இப்போது இருக்கும் விரிசல்கள் ஒவ்வொன்றின் முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். வேலை நடக்கும்போது எந்த விரிசலாவது கோட்டைத் தாண்டினால் தோண்டுவதை நிறுத்தச் சொல்லுங்கள். குழியின் படத்தை இங்கே போடுங்கள், 45 பாகைக் கோட்டை நான் வரைந்து தருகிறேன்.